பழைய சங்கிலி ரம்பம்

திருவண்ணாமலையை விட்டு வேலூர் செல்லும் சாலையில் சிறிது தொலைவு வந்தால் வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கே இருப்பதால் மனுவும் கையுமாகப் பலர் வந்து போவார்கள். சென்ற பங்குனி மாதத்தில் நான் அங்கே போனது மனுக் கொடுப்பதற்கு அன்று. பழுது பார்க்கக் கொடுத்திருந்த நீர் இறைக்கும் பம்பை வாங்கி வர ஒரு சிறு பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பலகையின் மேல், புதிதாகச் சிவப்பு வர்ணம் பூசப்பெற்ற பழைய சங்கிலி ரம்பம் ஒன்று விலைக்கு வைக்கப்பட்டிருந்தது. நம் பக்கத்தில் இதனை ‘மரம் அறுக்கிற மெஷின்’ என்பார்கள். இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் அதற்கு விலை பேசிக்கொண்டு நின்றார். மரம் ஏறிக் கிளை கழிப்பது அவர் தொழில். கூலிக்குப் போவதை விடுத்துச் சொந்த இயந்திரம் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகப் பணம் சேர்த்தவர். அன்று நடந்ததையும், அதையொட்டி நாம் அறிந்துகொள்ள வேண்டியவற்றையும் மாணவ நேயர்களாகிய உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், இந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பெரிய மரத்தை அறுக்க இருவர் எதிரெதிரே நின்று நீண்ட ரம்பத்தை மாறி மாறி இழுப்பதே உலகெங்கும் இருந்த வழக்கம். 1927ஆம் ஆண்டில் எமில் லெர்ப் என்ற ஜெர்மானியர், தம் நாட்டிலுள்ள டோல்மார் என்னும் மலையில் பெட்ரோலால் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் சோதித்துப் பார்த்தார். அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. 1929இல் ஆந்திரேயாஸ் ஸ்டீல் என்பவர் செய்த பெட்ரோல் ரம்பம் சுமார் 46 கிலோ எடை. ஒருவரே தூக்கி அறுக்கத் தக்க ரம்பத்தை அவருடைய நிறுவனம் 1950இல் வெளியிட்டபோது எடை 16 கிலோவாகக் குறைந்திருந்தது. 1959இல் வந்த ரம்பமோ ஏறக்குறைய 12 கிலோதான்.

எஞ்சின் இலேசானால் போதுமா? பல்லும் திருந்த வேண்டுமன்றோ? அந்தக் காலத்துச் சங்கிலிகளின் பற்கள் கை ரம்பத்தின் பற்களைப் போலவே மரத்தைச் சுரண்டித் தூளாக்கின. விரைவில் மழுங்கின, கூராக்குவதற்குள் பாதி நாள் போய்விடும். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து மரம்வெட்டியாகிய ஜோ காக்ஸ், 1946ஆம் ஆண்டில் ஒரு மரக்கட்டைக்குள் வண்டுப்புழு ஒன்று துளைத்துக்கொண்டு போவதைக் கண்டார். அப்புழுவின் இரண்டு தாடைகளும் வளைந்து, ஒன்று இடப்புறமும் மற்றொன்று வலப்புறமுமாக மரத்தைச் சீவிக்கொண்டு சென்றன. அவர் அதையே இரும்பில் செய்தார். இடமும் வலமுமாக மாறி மாறி அமைந்த வளைந்த பற்கள் கொண்ட சங்கிலி மறு ஆண்டு விற்பனைக்கு வந்தது. இன்றுள்ள சங்கிலிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே. நம் வீட்டுக் கொல்லையில் பட்டுப்போன மாமரத்தைத் துளைக்கும் புழுவை நாமும் பார்த்திருக்கிறோம், பார்த்ததும் நசுக்கிவிட்டோம்.

இனிப் பட்டறைக்குத் திரும்புவோம். பழைய ரம்பங்கள் விலைக்கு வருவதற்கு நம் நாட்டில் புயலும் ஒரு காரணம். 2016ஆம் ஆண்டு டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் எண்ணற்ற சாலை மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்தது. இத்தகைய வேளைகளில் ரம்பம் அகப்படாதா என்று ஊரே அலையும். அவசரத்தில் வாங்கிய இயந்திரம், வேலை முடிந்ததும் மாட்டுக்கொட்டகையின் மூலையில் பெட்ரோலோடு கிடந்து, பிறகு ஒரு நாள் காயலான் கடைக்கோ பட்டறைக்கோ வந்து சேரும்.

“ஒரே இழுப்பில் கிளம்பிவிடும், தம்பி” என்றார் பட்டறைக்காரர். உண்மையாகவே ஒரே இழுப்பில் கிளம்பியது. இளைஞரின் முகம் மலர்ந்தது. நான் மெல்ல எஞ்சினை நிறுத்தச் சொல்லி, “இது முன்பே சூடாக இருந்ததா?” என்று கேட்டேன். காலையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்ததாக அவர் ஒளிக்காமல் சொன்னார். பழைய எஞ்சின் வாங்குவோர் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: கிளப்புவதற்கு முன் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தல். சூடான எஞ்சின் எளிதில் கிளம்பும். குளிர்ந்த எஞ்சினே உண்மையைச் சொல்லும். எனவே ஆறும்வரை காத்திருந்தோம்.

ஆறிய பிறகு, ஸ்விட்சை அணைத்துவிட்டு, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து ரம்பத்தைத் தரையிலிருந்து தூக்கினோம். பிஸ்டனும் அதன் வளையங்களும் சிலிண்டரில் இறுகப் பொருந்தியிருந்தால், உள்ளே அடைபட்ட காற்று எதிர்த்து நிற்கும்; ரம்பம் தன் எடையால் விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கும். தேய்ந்துபோன எஞ்சினாயின் கிணற்றில் விட்ட வாளிபோல் சரேலென்று இறங்கிவிடும். இது தயங்கியே இறங்கியது. அடுத்து சைலன்சரைக் கழற்றச் சொன்னேன். அவ்வழியாகப் பிஸ்டனின் பக்கம் கண்ணுக்குத் தெரியும். அது வழவழப்பாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறல்கள் காணப்பட்டால், எண்ணெய் கலவாத பெட்ரோலில் ஓட்டியிருக்கிறார்கள் என்றோ, எங்கோ காற்றுக் கசிந்து எஞ்சின் அளவுமீறிச் சூடேறியிருக்கிறது என்றோ கொள்ளலாம். வெளியே பூசிய வர்ணம் இதை மறைக்க முடியாது. எனக்கு வியப்பாக இருந்தது. அந்தப் பிஸ்டனில் ஒரு கீறல்கூட இல்லை.

காற்றுக் கசிவைப் பற்றி ஒரு சொல். சுழல்தண்டின் இரு முனைகளிலும் ரப்பர் சீல்கள் உண்டு. அவை முதுமையால் காய்ந்து வெடித்தால் வெளிக்காற்று உட்புகும். அப்போது கைவிசையை விட்ட பிறகும் எஞ்சின் உடனே அடங்காது. பக்கவாட்டில் சாய்த்தால் தானாகவே வேகம் கூடும். அந்தச் சத்தம் கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கும். அறியாதவர்கள் ‘என்ன வேகம்!’ என்று மகிழ்ந்து வாங்கிவிடுவார்கள். சில நாட்களில் பிஸ்டன் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

உதிரிப் பாகங்களின் கதை வேறு. புகழ்பெற்ற பழைய நிறுவனங்கள் சில மறைந்தோ கைமாறியோ போய்விட்டன. அமெரிக்காவில் ராபர்ட் மெக்கல்லக் என்பவர் சங்கிலி ரம்பம் செய்து பெருஞ்செல்வர் ஆனவர். 1968இல் இலண்டன் மாநகரின் பழைய பாலத்தையே விலைக்கு வாங்கி, கல் கல்லாகக் கொண்டுபோய் அரிசோனாப் பாலைவனத்தில் தாம் அமைத்த ஊரில் நிறுத்தினார்! அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. அவர் காலத்து ரம்பங்களுக்குப் பாகம் வேண்டுவோரோ, செத்த ரம்பம் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கழற்ற வேண்டியவர்களாக இருக்கிறார்கள். ஆதலால் பழைய ரம்பம் வாங்குவோர், அதே வகையில் ஓடாத ரம்பம் ஒன்று எடைக்குக் கிடைத்தால் அதையும் சேர்த்து வாங்கிவைப்பது புத்திசாலித்தனம்.

பராமரிப்பில் முதல் இடம் பெட்ரோலுக்கு. இது இரண்டு வீச்சு எஞ்சின். எண்ணெய்க்கென்று உள்ளே தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயே பிஸ்டனுக்கு உயிர். பழைய ஸ்கூட்டர் வைத்திருந்த உங்கள் தாத்தாவைக் கேட்டால், பெட்ரோல் பங்கில் எண்ணெய் அளந்து ஊற்றிய கதையைச் சொல்வார். இன்றைய ரம்பங்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், அதாவது லிட்டருக்கு 20 மில்லி, என்பது பெருவழக்கு. பழையவற்றுக்கோ 25 பங்குக்கு ஒன்று, இன்னும் பழையவற்றுக்கு 16 பங்குக்கு ஒன்று என்றெல்லாம் குறித்திருப்பார்கள். இயந்திரத்தின் மேலோ கையேட்டிலோ உள்ள அளவை அறியாமல் ஊற்றக் கூடாது. மற்றொன்று, இப்போது நம் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரின் மெல்லிய சவ்வையும் கெடுக்கும். ஆகவே வேலை முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, மிச்சம் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். மாட்டுக்கொட்டகை ரம்பங்கள் கிளம்பாமற் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சங்கிலி கூராக இருக்கிறதா என்பதை மரத்தூளே சொல்லும். அவல் போலச் சீவல் சீவலாக விழுந்தால் கூர் நன்றாக இருக்கிறது. தவிடு போலப் பறந்தால் மழுங்கிவிட்டது. கூராக்க வட்ட அரம் வேண்டும். ஒவ்வொரு பல்லையும் உள்ளிருந்து வெளிப்புறமாக, ஒரே சாய்வில், ஒரே எண்ணிக்கையில் அராவ வேண்டும். இடப்புறப் பற்கள் நீண்டும் வலப்புறப் பற்கள் குறுகியும் போனால் ரம்பம் நேராக அறுக்காது, வளைந்து ஓடும். நம் சாலையோரப் புளிய மரங்களில் இன்னொரு தொல்லை உண்டு. விளம்பரப் பலகை மாட்ட அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். ஓர் ஆணி போதும், அரை நாள் அராவிய கூர் போய்விடும். சங்கிலி ஓடும் தகட்டையும் அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் பூட்டினால் இரு விளிம்பும் சமமாகத் தேயும்.

இவற்றையெல்லாம் பார்த்து முடித்தபோது, எஞ்சின் நல்லது என்றே எனக்குத் தோன்றியது. பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. இளைஞர் பணத்தை எடுக்கச் சட்டைப் பையில் கை வைத்தார். அப்போதுதான் முன் கைப்பிடியைக் கவனித்தேன். அதன் முன்னால் கைக்காப்பும் இல்லை. சங்கிலித் தடையும் இல்லை. உடைந்து போனது அன்று. அது செய்யப்பட்ட காலத்தில் அப்படி ஒன்று கிடையாது.

இதன் பொருள் என்ன? ஓடும் சங்கிலி தகட்டின் நுனியில் மேற்பாதியில் ஏதேனும் ஒரு கிளையைத் தொட்டுவிட்டால், ரம்பம் அறுப்பதற்குப் பதிலாகத் துள்ளி, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எழும்பும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. எவ்வளவு வலிமையுள்ள கையும் அதைத் தடுக்க இயலாது. 1970களின் தொடக்கத்தில் வந்த சங்கிலித் தடை, துள்ளும்போது கை பட்டோ அதிர்ச்சியினாலோ தானே விழுந்து, ஓர் இரும்புப் பட்டையால் கிளட்ச் உருளையை இறுக்கிச் சங்கிலியை நிறுத்திவிடும். தரையில் நிற்பவருக்கே இது வேண்டும். மரத்தின் மேல் கயிற்றில் தொங்கிக்கொண்டு, சுற்றிலும் கிளைகளுக்கு நடுவே அறுப்பவருக்குச் சொல்லவும் வேண்டுமோ?

“அண்ணே, அதைத் தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்ள முடியாதா?” என்று கேட்டார் இளைஞர். பட்டறைக்காரர் ரம்பத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தடையைத் தாங்கும் இடமே அந்த வார்ப்பில் இல்லை. தேய்ந்த பிஸ்டனை மாற்றலாம். காய்ந்த சீலை மாற்றலாம். இதற்கு வழியில்லை. “தெரிந்தே உன்னிடம் கொடுக்க மாட்டேன், தம்பி. உன் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது” என்றார் அவர். இளைஞருக்கு வருத்தந்தான். புதிய ரம்பத்துக்கு அவரிடம் இருந்த பணம் போதாது. இன்னும் ஆறு மாதமாவது கூலிக்குப் போக வேண்டும். போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆடி மாதத்தில் மறுபடியும் அந்தப் பக்கம் போனேன். சிவப்பு ரம்பம் பலகையின் மேலேயே இருந்தது. விலைச்சீட்டில் முன்பு எழுதியிருந்த தொகையை அடித்துவிட்டுப் பாதியாகக் குறைத்திருந்தார். அதன் கீழே, ‘எஞ்சின் நல்ல நிலை. சங்கிலித் தடை கிடையாது. மரம் ஏறுவோருக்கு விற்பதற்கில்லை’ என்று மையால் எழுதி ஒட்டியிருந்தார்.