லினக்ஸ் கணினிக்கு வீட்டு பிரிண்டர்: இதெல்லாம் தெரியுமா?

பிள்ளையின் பயிற்சித்தாள், வங்கிப் படிவம், கிராம சேவகரிடம் கொடுக்கும் கடிதம்... ஒவ்வொன்றுக்கும் கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில் கொமியூனிகேஷன் தேடி ஓடுகிறீர்களா? வீட்டுக் கணினியில் உபுண்டுவோ டெபியனோ இருப்பதால் பிரிண்டர் வாங்கத் தயக்கமா? தயக்கத்தை விடுங்கள்!

சுதந்திர மென்பொருளுக்கு வித்திட்டதே ஒரு பிரிண்டர், தெரியுமா?
1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுகூடத்துக்கு ஸெரொக்ஸ் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. தாள் சிக்கினால் அது எல்லாருக்கும் தகவல் அனுப்ப வேண்டும் என்று அங்கிருந்த நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். அதற்குத் தேவையான மூலநிரலை வைத்திருந்தவரோ இரகசிய ஒப்பந்தத்தைக் காட்டித் தர மறுத்துவிட்டார். அந்த ஆதங்கமும் சேர்ந்துதான் 1983 செப்டெம்பர் 27 அன்று குனூ என்ற சுதந்திர மென்பொருள் திட்டம் பிறந்தது!

ஆப்பிள் கணினியும் லினக்ஸும் அச்சிடுவது ஒரே மென்பொருளால், தெரியுமா?
அதன் பெயர் கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் 1997இல் எழுதத் தொடங்கினார். 2002இல் ஆப்பிள் அதைத் தன் இயங்குதளத்தில் சேர்த்தது. ஆகவே கடையில் பெட்டியைப் புரட்டி ‘ஏர்பிரிண்ட்’ அல்லது ‘ஐபிபி எவ்ரிவேர்’ என்ற சொல்லைத் தேடுங்கள். இருந்தால், பெரும்பாலும் லினக்ஸிலும் அது ஓடும்!

டிரைவர் இல்லாமலே அச்சிடலாம், தெரியுமா?
இத்தகைய பிரிண்டர், ‘எனக்கு இந்தத் தாள் அளவு தெரியும், இருபுறமும் அச்சிடுவேன்’ என்று தானே கணினியிடம் சொல்லிவிடும். 2021 ஓகஸ்டில் வந்த டெபியன் 11 முதல், யூஎஸ்பி வயரில் இணைத்தாலும் இப்படியே. ஸ்கேன் செய்யவும் இதே வசதி உண்டு!

மறதிக்கார பிரிண்டரும் உண்டு, தெரியுமா?
எச்பி லேசர்ஜெட் 1020ஐ ஒவ்வொரு முறை போடும்போதும் அதன் உள்மென்பொருளைக் கணினிதான் மறுபடி ஊட்ட வேண்டும். மின்வெட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து! கெனன் எல்பிபி 2900 பேசுவதோ அந்நிறுவனத்துக்கே உரிய மொழி; லினக்ஸில் அதை ஓடவைக்கப் பாடுபட வேண்டும். பழைய பிரிண்டர் மலிவாகக் கிடைத்தால், மாடல் எண்ணைப் பார்த்தபின் பணத்தை எடுங்கள்.

டோனர் மை அல்ல, தெரியுமா?
அது நுண்ணிய பிளாஸ்டிக் தூள்! ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் உருகித் தாளில் ஒட்டுகிறது. மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காயாது. எப்போதாவது அச்சிடும் வீட்டுக்குக் கறுப்பு-வெள்ளை லேசரே உத்தமம். அடிக்கடி நிறத்தில் அச்சிடுவோர் மைத்தொட்டி பிரிண்டரை நாடலாம். எப்சன் அதை 2010இல் முதலில் விற்றது இந்தோனேசியாவில்! மைத்தொட்டி பிரிண்டரில் வாரம் ஒரு பக்கமாவது அச்சிடுங்கள். இல்லாவிட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

லேசரை யூபிஎஸ்ஸில் செருகக் கூடாது, தெரியுமா?
தூளை உருக்கும் பாகம் சூடேறும் கணத்தில் நூற்றுக்கணக்கான வொட் மின்சாரத்தை இழுக்கும். வீட்டு யூபிஎஸ் அதைத் தாங்காது. நேரே சுவர்ப் பிளக்கில் கொடுங்கள்.

ஈரக்காற்றுக்கும் தாள் சிக்குவதற்கும் உறவு உண்டு, தெரியுமா?
வளிமண்டலவியல் திணைக்களம் கண்டியின் மழையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் நிலையம் இருப்பது நம் கட்டுகஸ்தோட்டையில்தான்! மகாவலிக் கரையின் ஈரத்தைத் தாள் உறிஞ்சி வளைகிறது, பிறகு சிக்குகிறது. பிரித்த தாள்கட்டைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வையுங்கள்.

பிரிண்டருக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, தெரியுமா?
பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றி அனுப்புவது கணினியின் வேலை. திரையில் ‘ஸ்ரீ’ சரியாகத் தெரிந்தால் தாளிலும் சரியாகவே விழும்!

தாளில்லாமல் பரீட்சையே தள்ளிப்போனது, தெரியுமா?
2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தாள் தட்டுப்பாட்டால் ஒத்திவைக்கப்பட்டன. இருபுறமும் தானாக அச்சிடும் மாடல், தாள் செலவைப் பாதியாக்கும்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம், தெரியுமா?
கண்டிக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையின் பெயரில் இலங்கையர் ஒரு லினக்ஸையே உருவாக்கினார்கள்! திறமை நம் மண்ணில் இருக்கிறது. கடையில் கேட்கக் கூச்சம் எதற்கு? உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, மடிக்கணினியோடு எடுத்துச் செல்லுங்கள். எதையும் நிறுவாமலே அதிலிருந்து இயக்கி, பிரிண்டரை இணைத்து, ஒரு தமிழ்ப் பக்கம், ஒரு இருபுறப் பக்கம், ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். மூன்றும் சரியா? உத்தரவாத அட்டையில் முத்திரை குத்தி வாங்கி, துணிந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்!