நாட்குறிப்பும் கடிதமும்: கலையா, கருமமா?

எழுத்து இருவகைப்படும் என்பர். ஒன்று இன்பம் பயப்பது. மற்றொன்று அலுவல் முடிப்பது. செய்யுளும் நாடகமும் கதையும் முன்னதன் பாற்படும். கடிதமும் நாட்குறிப்பும் துண்டுப்பிரசுரமும் பின்னதன் பாற்படும். முன்னதைக் கலையென்று போற்றிப் பாடநூலிற் சேர்க்கின்றோம். பின்னதைக் கருமமென்று கொண்டு, அலுவல் முடிந்தவுடன் அடுப்புக்கோ பழந்தாள் வாங்குவோனுக்கோ கொடுத்துவிடுகின்றோம். இப்பாகுபாடு எத்துணை உறுதியுடையது என்பதை ஈண்டு ஆராய்வாம். இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. எதனைக் கலையெனக் கொள்கின்றோமோ அதனைப் பேணுகின்றோம். அன்றெனக் கொண்டதைக் கைவிடுகின்றோம். ஆகலின், நம் முன்னோர் எழுதியவற்றுள் எவை நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் என்பது இவ்வினாவுக்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தே அமையும்.

முதற்கண் கலை என்னுஞ் சொல்லை நோக்குவாம். அறுபத்துநான்கு கலைகள் எனப் பழையோர் வழங்கினர். வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்திலே தரும் பட்டியலில் பாட்டும் ஆடலும் ஓவியமும் உள. அவற்றோடு சமையல், பூத்தொடுத்தல், தையல், தச்சுவேலை, மனைநூல், இரத்தினம் நோட்டம் பார்த்தல் என்பனவும் ஒரே வரிசையில் எண்ணப்படுகின்றன. பசி தீர்க்குஞ் சோறும், குடியிருக்கும் மனையும், உடுக்கும் உடையும் பயனுடையன என்பதால் அவற்றை ஆக்குந் திறம் கலையாகாது என்று அவர் ஒதுக்கவில்லை. எத்தொழிலாயினும் பயிற்சியாலும் நுண்ணுணர்வாலும் செப்பமுறச் செய்யும் ஆற்றலே கலை என்பது அக்காலத்தார் கொள்கை போலும்.

அழகுக்கலை வேறு, பயன்தரு தொழில் வேறு என வரையறுத்துப் பிரிக்கும் முறை ஐரோப்பாவிலே பதினெட்டாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. சார்ள்ஸ் பத்தோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1746 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் கலைகளை மூவகையாகப் பகுத்தார். மனிதனின் தேவையை நிறைவேற்றுவன ஒருவகை. இன்பத்தையே நோக்கமாகக் கொண்ட இசை, கவிதை, ஓவியம், சிற்பம், ஆடல் என்பன மற்றொருவகை. பயனும் இன்பமும் ஒருங்கே உடையன மூன்றாவது வகை. இம்மூன்றாம் வகையில் அவர் கட்டடக் கலையையும் சொல்வன்மையையும் வைத்தார் என்பது கருதத்தக்கது. எல்லை வகுத்தவரே, சொல்லை ஆளுந் திறம் எல்லைக்கோட்டின் மேல் நிற்பது என்பதை ஒப்புக்கொண்டார். பின்வந்தோர் முதலிரு வகைகளை மனத்திற்கொண்டு மூன்றாவதை மறந்தனர்.

அதே 1746 ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அச்செய்தியைப் புதுச்சேரியிலிருந்து தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார் ஒரு தமிழர். அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709 இல் பிறந்த அவர் வணிகர்; ஆளுநர் டூப்ளேயின் காலத்தில் தலைமைத் துபாசியாகவும் விளங்கினார். 1736 செப்டெம்பர் 6 ஆம் நாள், தமிழ்க் கணக்கில் நள வருடம் ஆவணி மாதத்தில், அவர் நாட்குறிப்பைத் தொடங்கினார். கண்ணாற் கண்டவையும் காதாற் கேட்டவையும், கப்பல்கள் வருவதும் போவதும் எழுதிவைப்பதே தம் நோக்கம் எனத் தொடக்கத்திலேயே குறித்தார். 1761 ஆம் ஆண்டு வரை அவ்வெழுத்துத் தொடர்ந்தது. புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிய அவ்வாண்டு ஜனவரி மாதத்திலேயே அவரும் காலமானார்.

அவர் புலவராகப் பெயர்பெற எண்ணி எழுதியவர் அல்லர். யாப்பும் அணியும் அவர் நாடினார் அல்லர். அவருடைய தமிழ் அன்றாடப் பேச்சுத்தமிழ்; பாரசீகமும் போர்த்துக்கீசும் பிரெஞ்சும் அதில் விரவிக் கிடக்கின்றன. சரக்கின் விலையும், கப்பலின் வரவும், அரண்மனைச் செய்தியும், சோதிடர் சொல்லும் அடுத்தடுத்து வருகின்றன. எனினும் அந்நாட்குறிப்பைப் படிப்போர் வெறும் வணிகக் கணக்கைப் படிப்பதாக உணர்வதில்லை. டூப்ளே பேசுகின்றார், அவர் மனைவி சூழ்ச்சி செய்கின்றார், கேட்டுநின்ற துபாசி வெளியே பணிவும் உள்ளே கசப்புமாக அதனை எழுதுகின்றார். 1748 இல் புதுச்சேரி முற்றுகையிடப்பட்டபோது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அந்நாளின் நிகழ்ச்சிகளை அவர் எழுதிய பகுதி, தம் தெய்வத்தின் கோயிலைக் காக்கமாட்டாமல், இடித்தவரின் கீழேயே அலுவல் பார்க்கவும் வேண்டியிருந்த ஒரு மனிதரின் நிலையை நம்முன் நிறுத்துகின்றது.

இத்தகைய நூல் பிறநாடுகளிலும் உண்டு. இங்கிலாந்தின் கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த சாமுவேல் பெப்பீஸ் 1660 ஜனவரி முதல் 1669 மே வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். 1666 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரம் தீப்பற்றி எரிந்தபோது, தாம் குழி தோண்டித் திராட்சமதுவையும் பாலாடைக்கட்டியையும் புதைத்துவைத்ததையும் மறவாது குறித்தார். அந்நூல் 1825 இலேயே அச்சேறியது. இன்று ஆங்கில உரைநடை வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையை இந்தியாவின் பெப்பீஸ் என அறிஞர் சிலர் அழைப்பது இவ்வொப்புமை பற்றியே.

அற்றேல், அலுவலுக்காக எழுதிய எல்லாம் கலையாகுமோ என வினவலாம். ஆகா. கடைச்சிட்டையும் ஏலவிளம்பரமும் கலையாகா. இவற்றை வேறுபடுத்தி அறிதற்கு மூன்று அடையாளங்கள் கூறலாம். முதலாவது தெரிவு. காண்பனவெல்லாம் எழுத ஒருவராலும் இயலாது. எதை எடுத்தல், எதை விடுத்தல் என்பதில் எழுதுவோனின் உள்ளம் வெளிப்படும். இரண்டாவது குரல். பெயரை மறைத்துவிட்டாலும் இன்னார் எழுத்து என அறியத்தக்கதாய் இருத்தல் வேண்டும். கடைச்சிட்டையை எவரும் எழுதலாம், எழுதினும் ஒன்றாகவே இருக்கும். மூன்றாவது, அலுவல் முடிந்த பின்னும் நிலைத்தல். யாருக்காக எழுதப்பட்டதோ அவர் மறைந்து, எக்காரியத்துக்காக எழுதப்பட்டதோ அக்காரியமும் முடிந்த பின்னர், தொடர்பில்லாத ஒருவர் எடுத்துப் படித்து நெஞ்சம் நெகிழ்வாராயின், அவ்வெழுத்து கருமத்தைக் கடந்துவிட்டது என்க. குத்துவிளக்கு வெளிச்சம் தருதற்கே வார்க்கப்படுகின்றது. மின்விளக்கு வந்த பின்னும் அதை நாம் எறிந்துவிடாமைக்குக் காரணம் வெளிச்சம் மட்டும் அன்று.

இக்கருத்துக்கு நம் யாழ்ப்பாணத்திலேயே சான்று உண்டு. ஆறுமுக நாவலர் (1822–1879) இலக்கியம் படைக்க வேண்டுமென்று எழுதுகோல் எடுத்தவர் அல்லர். பிள்ளைகள் கற்பதற்குப் பாலபாடம் எழுதினார். சமயங் காத்தற்கு 1854 இல் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டார். கோயிற் கருமங்களிற் கண்ட குறைகளை எடுத்துக்காட்டித் துண்டுப்பிரசுரங்கள் விடுத்தார். யாவும் அன்றன்று எழுந்த தேவைக்குச் செய்தவையே. படிப்போர் இடர்ப்படாமற் பொருளுணர வேண்டும் என்பதற்காகவே சொற்களைப் பிரித்தும் நிறுத்தக்குறிகளை இட்டும் எழுதினார். அத்தேவையே தமிழ் உரைநடைக்குத் தெளிவையும் வன்மையையும் தந்தது. அவர் மறுத்த வாதங்களுள் பல இன்று மறக்கப்பட்டன. மறுத்த நடை மறக்கப்படவில்லை.

கடிதத்தைப் பற்றியும் நம் மரபு தெளிவாகப் பேசுகின்றது. பதினோராந் திருமுறையின் முதலில் வைக்கப்பட்டது திருமுகப் பாசுரம். அது யாது? பாணபத்திரர் என்னும் இசைவாணருக்குப் பொருள் கொடுத்தனுப்புமாறு, ஆலவாய் இறைவர் சேரமான் பெருமாளுக்கு விடுத்ததாகப் போற்றப்படும் ஓலை. உலகவழக்கிற் சொல்வதாயின் அது ஒரு சிபாரிசுக் கடிதம். ஒரு வறியவருக்கு உதவி வேண்டிய ஓலையைத் திருமுறையிலே தலைமையிடத்தில் வைத்த நம்முன்னோர், பயன் கருதி எழுதியது கலையாகாது என்று எண்ணியிருப்பார்களா? புலவர்கள் புரவலருக்கு விடுத்த சீட்டுக்கவிகளும் இவ்வினத்தனவே.

இனி, பெருமக்களின் எழுத்தை விடுத்து நம் வீட்டு எழுத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயா சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்தனர். அவர்களையும் வீட்டாரையும் இணைத்தது கடிதமே. நலம், நலமறிய ஆவல் என்பது எல்லார்க்கும் பொது. அனுப்பிய பணத்தின் கணக்கும், வேலி அடைத்த செலவும், தங்கையின் சம்பந்தப் பேச்சும் கருமம். இவற்றுக்கிடையே, முற்றத்து மாமரம் இம்முறை பூத்ததா என்றொரு வினா வருமாயின், அங்கே ஒரு மனிதன் தோன்றிவிடுகின்றான். அவ்வரி எக்காரியத்தையும் முடிக்க எழுதப்பட்டதன்று. எனினும் அக்கடிதத்தில் நிலைப்பது அதுவே.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். கலையாக்க வேண்டுமென்று முயன்று எழுதும் கடிதம் பெரும்பாலும் கெட்டொழியும். பிறர் மெச்ச எழுதுவோன் தன் தாய்க்கு எழுதுவதாகக் கூறினும், அவன் கண் ஊரார்மேல் இருக்கும். கருமத்தை உண்மையோடும் செப்பத்தோடும் செய்யுமிடத்துக் கலை தானே வந்து பொருந்துகின்றது. ஆதலால் இவ்விரண்டும் பகையல்ல. ஒன்று மற்றொன்றின் வாயில்.

இதனால் நம் கல்விக்கும் ஒரு பாடம் உண்டு. பரீட்சையிற் கடிதம் எழுதப் பணிக்கும்போது, முகவரி எங்கே, திகதி எங்கே, முடிப்பு எவ்வாறு என்று அமைப்பையே மாணவர்க்குப் புகட்டுகின்றோம். அமைப்பு வேண்டுவதே. ஆயினும், அதனோடு நிறுத்திக்கொள்வோமாயின், வாழ்நாள் முழுதும் அவர்கள் மிகுதியாக எழுதப்போகும் எழுத்துவகையை உயிரற்றதென்று நாமே கற்பித்தவராவோம். கவிதை எழுதுவோர் சிலரே. கடிதமோ குறிப்போ எழுதாதார் இலர். இன்று அது தாளிலன்றிக் கணினித்திரையிலும் கைத்தொலைபேசியிலும் நிகழ்கின்றது. கருவி மாறியதனால் வினா மாறவில்லை. ஓலையும் தாளும் திரையும் ஏந்திகளே. தெரிவும் குரலும் நிலைபேறும் எழுதுவோனிடத்துள்ளவை.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அவர் மறைந்து ஏறக்குறைய எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846 அளவிலேயே அறிஞர் கண்ணிற் பட்டது. 1904 முதல் 1928 வரை சென்னையில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்புப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இடையே அக்குடும்பத்தார் எவரேனும் பழங்கணக்கென்று எண்ணி அக்கட்டுகளை எரித்திருப்பாராயின், பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தை ஒரு தமிழரின் கண்கொண்டு காணும் வாய்ப்பை நாம் இழந்திருப்போம்.

நாமோ இழப்பை அறியாதவர்கள் அல்லேம். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. மீளப்பெறற்கரிய ஏடுகளும் நூல்களும் சாம்பலாயின. 1995 இல் குடாநாட்டு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு பெட்டகங்களும் கைவிடப்பட்டன. காணியுறுதியைக் கையிலெடுத்தவர்க்குக் கடிதக்கட்டை எடுக்க நேரமிருந்திராது. அவர்களைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும் எஞ்சியவை இன்னும் சில பெட்டிகளில் உள. பாட்டனார் மலாயாவிலிருந்து எழுதிய கடிதம், ஆசிரியரொருவரின் நாட்குறிப்பு, கோயிற் சபையொன்றின் பழைய அறிக்கைப் புத்தகம் என்பன கவிதையல்ல என்பதற்காகக் கழிக்கப்படலாகாது. பழைய மாணவராகிய நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டிலுள்ள அத்தகைய எழுத்தை ஒருமுறை எடுத்துப் படித்து, எழுதியவர் பெயரையும் காலத்தையும் குறித்து, படியெடுத்து ஒரு நூலகத்தில் சேர்ப்போமாயின், அது கல்லூரித் தாய்க்கு நாம் செலுத்தும் கடன்களுள் ஒன்றாகும். அவற்றுட் கலை எது, கருமம் எது என்பதை, அவற்றைப் படிக்கும் பேறுபெறும் வழித்தோன்றல்கள் தீர்மானிப்பார்களாக.