காவலூரில் பார்த்த சனியும் கைபேசியில் வந்த சந்திரனும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் பார்வையாளர்களுக்காக ஒரு சிறிய தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். மக்ரிப் முடிந்து இருட்டிய பிறகு வரிசையில் நின்று சனிக் கோளைப் பார்த்தோம். ஒன்பதாம் வகுப்பு படித்த என் மகள் கண்ணை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "இவ்வளவுதானா அத்தா? மொபைல்ல கலர் கலரா இருக்குமே!"

அவள் பார்த்தது வெளிர் மஞ்சளில் ஒரு சிறு பொட்டு, அதைச் சுற்றி ஒரு வளையம். அந்த ஒளி சனியை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. நாங்கள் மலைப்பாதையில் வந்துகொண்டிருந்தபோது புறப்பட்டதுதான் அப்போது அவள் கண்ணில் விழுந்தது. இதைச் சொன்னதும் மறுபடியும் போய் வரிசையில் நின்றாள்.

காவலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் காடு, பெரிய ஊர்களின் வெளிச்சம் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்திலும் பெரும்பகுதியைப் பார்க்க முடிகிறது. இதையெல்லாம் கணக்கிட்டு இந்த இடத்தைத் தேர்ந்தவர் டாக்டர் வைணு பாப்பு. அவருடைய தந்தை வேலை பார்த்தது ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில். நவாப் ஸஃபர் ஜங் 1901-ல் தம் சொந்தச் செலவில் தொடங்கி, பிறகு நிஜாம் அரசு ஏற்று நடத்திய ஆய்வகம் அது. நம் சமுதாயத்துச் செல்வர் ஒருவர் வானத்துக்காகச் செலவழித்த பணம், இப்படிச் சுற்றிவந்து காவலூரிலும் பலன் தந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு இங்கே பணி தொடங்கியது. 1972-ல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாப்பு அதைப் பார்க்கவில்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். இருட்டில் அகல விரிந்த நம் கண்மணியோடு ஒப்பிட்டால் அந்தக் கண்ணாடி ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் ஒளியைச் சேகரிக்கிறது.

இந்த மலையின் மிகப் பெரிய கதையில் படமே கிடையாது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே கடக்கவிருந்தது. காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு கருவியைப் பொருத்தி அந்த நட்சத்திரத்தின் ஒளியை அளந்தார்கள். யுரேனஸ் அதை மறைப்பதற்கு முன்னாலேயே ஒளி சில வினாடிகள் குறைந்து மீண்டும் ஏறியது. பட்டாச்சார்யா, குப்புசாமி என்ற இரு ஆய்வாளர்கள், அது இதுவரை அறியப்படாத ஒரு துணைக்கோளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி அமெரிக்கக் குழு ஒன்றும் அளந்திருந்தது. அவர்களுக்குக் கோளின் இரு பக்கமும் ஒரே தூரங்களில் ஒளி பலமுறை குறைந்திருந்தது. எல்லா அளவுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, துணைக்கோள் அல்ல, வளையங்கள்! கரியைப் போலக் கறுத்த, மெல்லிய வளையங்கள். வாயேஜர் 2 விண்கலம் அவற்றை அருகிலிருந்து படம் பிடித்தது 1986 ஜனவரியில், காவலூரின் பெரிய தொலைநோக்கி திறக்கப்பட்ட அதே மாதத்தில்.

கண்ணால் பார்க்க எதுவும் இல்லாமல், ஒரு புள்ளியின் ஒளி ஏறி இறங்கியதை வைத்தே கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதைச் சொல்ல முடிந்தது. முதலில் சொன்னது சரியல்ல என்றதும் திருத்திக்கொள்ளவும் முடிந்தது. என் மகளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய கதை இது.

அப்படியானால் அந்த வண்ணப் படங்கள் பொய்யா? இல்லை. ஆனால் அவை நம் கைபேசி எடுக்கும் போட்டோவும் அல்ல. தொலைநோக்கியின் கேமரா ஒளியின் அளவை மட்டுமே பதிவு செய்யும். அதற்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு வடிகட்டியாக மாற்றி வைத்து, ஒரே இடத்தைப் பல கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுப்பார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து ஒன்றாகச் சேர்ப்பார்கள். 2022 ஜூலையில் படங்களை வெளியிடத் தொடங்கிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பிடிப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளி. அது நம் கண்ணுக்கே தெரியாது. அதில் நீண்ட அலைகளுக்குச் சிவப்பும் குறுகியவற்றுக்கு நீலமும் கொடுக்கிறார்கள். வரைபடத்தில் கடலுக்கு நீலமும் மலைக்குப் பழுப்பும் பூசுவதைப் போன்றதுதான். பொருள் உண்மை, நிறம் நாம் விளங்கிக்கொள்வதற்காக.

இதைத் தெரிந்துகொள்ளாததால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். விண்வெளியில் சிவந்த ரோஜாவைப் போல ஒரு படம் வரும். அர்ரஹ்மான் அத்தியாயத்தில் வானம் பிளக்கும் நாளைப் பற்றிய 37-ஆவது வசனத்தை அதன் கீழே போட்டு "நாசா நிரூபித்துவிட்டது" என்று எழுதியிருப்பார்கள். அது பூனைக்கண் நெபுலா. இறந்துகொண்டிருக்கும் ஒரு நட்சத்திரம் உதறிய வாயு. 1786-லேயே வில்லியம் ஹெர்ஷல் கண்டது, 1994-ல் ஹப்பிள் படம் எடுத்தது. ஹைட்ரஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறம் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அளந்த அந்த மூன்று ஒளிகளுமே உண்மையில் சிவப்புதான். அதே நெபுலாவைத் தொலைநோக்கியில் கண்ணால் பார்த்தால் நீலப் பச்சையாகத் தெரியும்! அந்த வசனமோ மறுமை நாளைப் பற்றிப் பேசுகிறது.

இன்னொன்று, சந்திரனில் நீளமான பிளவு ஒன்று தெரியும் படம். நானே அதை அனுப்பியிருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். 1969-ல் அப்போலோ 10 எடுத்த அந்தப் படத்தில் இருப்பது அரியாடேயஸ் என்ற பள்ளம். நிலத்தட்டு உள்ளே இறங்கியதால் உண்டானது, நீளம் சுமார் 300 கிலோமீட்டர். சந்திரனின் சுற்றளவோ ஏறக்குறைய 10,900 கிலோமீட்டர். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் சந்திரன் பிளந்த அற்புதத்தை நாம் நம்புவது திருமறையையும் ஹதீஸையும் கொண்டு. அந்த ஈமானுக்கு ஒரு பள்ளத்தின் படத்தை முட்டுக்கொடுத்தால், பள்ளியில் பாடம் படித்துவிட்டு வரும் பிள்ளை முட்டைத் தட்டிவிட்டு எதைச் சந்தேகிப்பான் என்று யோசித்துப் பாருங்கள். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்துள்ள நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் இருக்கிறது. பார்வர்ட் பட்டனுக்கும் அது பொருந்தும்.

நம் முன்னோர் இதில் கவனமாகவே இருந்தார்கள். இஸ்ஃபஹானைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, கி.பி. 964 வாக்கில் எழுதிய நட்சத்திர நூலில், இன்று ஆண்ட்ரோமெடா என்று சொல்லப்படும் இடத்தில் ஒரு சிறிய மேகம் இருப்பதாகக் குறித்தார். அது என்னவென்று அவர் ஊகிக்கவில்லை, கண்டதை மட்டும் எழுதினார். அது நம்முடையதைப் போன்ற இன்னொரு விண்மீன் மண்டலம் என்று உலகம் உறுதிப்படுத்த 1920-கள் வரை ஆனது. அதன் ஒளி இங்கே வந்துசேர 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. வானங்களின் படைப்பைச் சிந்திப்பவர்களை ஆலு இம்ரானின் 190, 191 வசனங்கள் அறிவுடையோர் என்கின்றன. அஸ்ஸூஃபியின் பொறுமையும் அந்தச் சிந்தனையில் சேர்ந்ததுதான் என்பது என் எண்ணம்.

காவலூர் போக நினைப்பவர்கள் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தையும் பௌர்ணமியையும் தவிர்த்துவிடலாம். போக முடியாதவர்கள் நவம்பர் மாதத்தில், நிலவில்லாத இரவில், இஷாவுக்குப் பிறகு விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். வடக்கே பார்த்து நின்று, தலைக்குச் சற்று முன்னால் உயரத்தில் தேடுங்கள். பைனாகுலர் இருந்தால் எளிது. நிறம் எதுவும் இருக்காது. அஸ்ஸூஃபி பார்த்த அதே சிறிய மேகம், சாம்பல் மங்கலாகத் தெரியும்.