திரையில் வேற்றினத்தார் வேடம்

சென்ற ஆண்டு எமது மாணவர் இலக்கிய மன்றத்தின் சார்பில் பழைய ஆங்கிலத் திரைப்படம் ஒன்றைப் பார்த்தோம். பேர்ள் பக் அம்மையார் 1931 இல் எழுதிய, ‘நல்ல நிலம்’ எனத் தமிழிற் கூறத்தக்க நாவலைத் தழுவி 1937 இல் ஹொலிவூட்டிலே தயாரிக்கப்பட்ட படம் அது. நாவலொன்று திரைக்கு வரும்போது எவை நிற்கின்றன, எவை உதிர்கின்றன என்பதை எடுத்துக்காட்டுதலே என் நோக்கமாக இருந்தது. படம் முடிந்து விளக்கேற்றியதும் பதினோராந் தரத்து மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அந்தக் காலத்தில் அமெரிக்காவிலே சீனர் இருக்கவில்லையா?” என்று வினவினான்.

கதை முழுவதும் சீன உழவர் குடும்பம் ஒன்றைப் பற்றியது. ஆனால், திரையில் அக்குடும்பத்தின் தலைவனாகவும் தலைவியாகவும் நின்றோர் முகப்பூச்சுப் பூசிய ஐரோப்பியர். பையன் அதனைக் கண்டுகொண்டான். நான் ஆசிரியருக்குரிய நிதானத்தோடு, “தம்பி, பிறராக மாறி நிற்பதே நடிப்பு. நமது கூத்திலும் இசை நாடகத்திலும் ஆடவரே சந்திரமதியாகவும் வள்ளியாகவும் நின்று சபையோரைக் கண்ணீர் விடச் செய்யவில்லையா?” என்று விடையிறுத்தேன். இக்கல்லூரி மேடையிலே சேலை உடுத்து அழுதவர்கள் இன்று நரைத்த தலையோடு இம்மலரை வாசித்துக் கொண்டிருத்தலுங் கூடும். அவன் விடவில்லை. “அப்படியென்றால் சீனர் யாராவது வெள்ளைக்காரராக நடித்தார்களா, சேர்?” என்றான். அதற்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. பின்னர் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

பிற இனத்து மாந்தரின் பாத்திரங்களை வெள்ளையருக்குக் கொடுத்துவிடும் இவ்வழக்கத்துக்குச் சுவருக்கு வெள்ளையடித்தல் என்னும் பொருள்பட ஆங்கிலத்திலே ஒரு பெயர் வழங்குகின்றது. பூசியபின் அடியிலிருந்த நிறம் தெரியாது; பெயர் பொருத்தமானதே.

மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தார் இப்படத்துக்குக் குறைந்த முயற்சி செய்தாரென்று எவரும் சொல்லார். சீனத்துக்கு ஆள் அனுப்பிக் காட்சிகளைப் படம் பிடித்தனர். உழவுக் கருவிகளையும் வீட்டுப் பொருள்களையும் அங்கிருந்தே தருவித்தனர். கலிபோர்ணியாவிலே சீன வயல்களைப் போன்ற வயல்களை உண்டாக்கினர். கலப்பை மெய்யான சீனக் கலப்பை. அதனைப் பிடித்து உழுத வாங் லுங் மாத்திரம், அக்காலத்து ஆஸ்திரிய ஆட்சியின் கீழிருந்த லெம்பேர்க் நகரிலே பிறந்த போல் மூனி என்பார். அவன் மனைவி ஓலானாக நடித்தவர் ஜேர்மனியிலே பிறந்த லூயிஸ் ரைனர்.

இவ்விருவரும் திறமையற்றவர் அல்லர். பேச்சுக் குறைந்த ஓலானின் துயரத்தை ரைனர் அம்மையார் கண்ணாலேயே காட்டிய இடங்கள் இன்றும் மனத்தை உருக்குவன. அந்நடிப்புக்காக அவருக்கு ஒஸ்கார் பரிசு கிடைத்தது. குறை நடிகரிடத்து அன்று. அவரைத் தேர்ந்தெடுத்தோர் வேறொருவரை எவ்வாறு நீக்கினர் என்பதிலேயே உள்ளது.

நீக்கப்பட்டவர் அன்னா மே வொங். 1905 இல் லொஸ் ஏஞ்சலீஸ் நகரிலே, சலவைக்கடை நடத்திய சீனக் குடும்பத்திற் பிறந்தவர். 1922 இல் வெளிவந்த, ஆரம்பகால வர்ணப் படங்களுள் ஒன்றாகிய ‘த ரோல் ஒவ் த சீ’ என்னும் படத்திலே பதினேழு வயதிற் கதாநாயகியாக நடித்தவர். ஐரோப்பாவிலும் புகழீட்டியவர். 1932 இல் ‘ஷங்காய் எக்ஸ்பிரஸ்’ படத்திலே மார்லீன் டீற்றிச்சோடு நின்றவர். பேர்ள் பக்கின் நாவல் படமாகப் போகின்றதென்று கேள்வியுற்றபோது, ஓலான் தமக்கே உரியவள் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. அமெரிக்காவில் அப்போதிருந்த சீன நடிகையருள் அவரளவு பெயர் பெற்றவர் எவருமிலர்.

அவரைச் சோதனைப் படப்பிடிப்புக்கு அழைத்தனர். ஆனால், ஓலானுக்காக அன்று. வாங் லுங்கின் குடும்பத்தைக் குலைக்க வரும் காமக்கிழத்தி லோட்டஸ் என்னும் பாத்திரத்துக்காகவே அழைத்தனர். ஓலான் எனில் மகிழ்வோடு நடிப்பேன், பிறர் யாவரும் சீனராக வேடமிட்டு நிற்க, சீன இரத்தம் உள்ள நான் மாத்திரம் வெறுக்கத்தக்க ஒருத்தியாக நிற்க மாட்டேன் என்பது அவருடைய நிலையாயிற்று. ஈற்றில் லோட்டஸ் பாத்திரமும் வியன்னா நகரத்து நடனமாதாகிய ரில்லி லொஷ் என்பவருக்குப் போயிற்று. துணைத் தயாரிப்பாளராகிய அல்பேர்ட் லெவின், சோதிக்கப்பட்ட சீனர் சிலரைப் பற்றி, சீனர் எவ்வாறு இருப்பர் என்று தாம் கருதியதற்கு அவர்கள் பொருந்தவில்லை எனக் குறித்து வைத்தாராம். சீனரைச் சீனர்போல் இல்லை என்று கழித்த அக்குறிப்பை வாசித்தபோது முதலிற் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

ஓலானை ஏன் மறுத்தனர்? இங்கே ஒரு சூத்திரக் கயிறு உண்டு. ஹொலிவூட் நிறுவனங்கள் 1930 இல் தமக்கென ஓர் ஒழுக்க விதித்தொகுப்பை அமைத்து, 1934 முதல் அதனைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தின. இனக்கலப்புக் காதலைத் திரையிற் காட்டலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. எழுத்திலே வெள்ளையர், கறுப்பர் என்றே இருந்தது. நடைமுறையில் ஆசியரையும் அதற்குட் சேர்த்தனர். நாட்டின் சட்டமும் அப்படியே இருந்தது: கலிபோர்ணியாவிலே வெள்ளையரும் சீனரும் மணம் புரிதற்கு இருந்த தடை 1948 இலேயே நீதிமன்றத்தால் நீங்கியது. சீனத் தொழிலாளர் குடியேறுவதைத் தடுத்த 1882 ஆம் ஆண்டுச் சட்டம் 1943 வரை இருந்தது.

இனி விளைவைக் காண்க. படம் விலைபோக வேண்டும் எனக் கருதிக் கணவன் பாத்திரத்துக்குப் புகழ்பெற்ற வெள்ளையர் ஒருவரை நியமித்தாயிற்று. கதையிலே அவன் சீனன், மனைவியும் சீனத்தி. மனைவியாக மெய்யான சீனப் பெண் வந்தால் என்னாகும்? பூச்சுக்கு அடியிலுள்ள வெள்ளையனுக்கும் அவளுக்கும் இனக்கலப்பு! இருவரும் பூசிக்கொண்டால் குற்றமில்லை. ஒருவர் பூசாதிருந்தாற் குற்றம். ஆதலால், கதாநாயகனை வெள்ளையனாக்கிய அக்கணமே கதாநாயகியும் வெள்ளைப் பெண்ணாதல் வேண்டுமென்று முடிந்துவிட்டது. வொங் அம்மையாரின் ஆற்றலை எவரும் எடைபோட வேண்டிய தேவையே எழவில்லை.

காதற் காட்சி இல்லாத மகன் வேடத்துக்கு இத்தடை இல்லை. அதே படத்தில் மூத்த மகனாக வந்தவர் கீ லூக் என்னும் மெய்யான சீனர். எழுத்தாளர் ஏர்ள் டேர் பிக்கர்ஸ் படைத்த துப்பறிவாளர் சார்லி சானின் கதைகள் படமானபோதும் இதே கூத்துத்தான்: தந்தை சான், சுவீடனிற் பிறந்த வோர்னர் ஓலண்ட், 1935 முதல் அவருடைய மகனாக வந்தவர் அதே கீ லூக். நமக்கு அண்மையிலுள்ள உதாரணம் ஒன்றும் உண்டு. கிப்ளிங்கின் யானைக் கதையைத் தழுவி 1937 இல் வெளிவந்த ‘எலிபன்ற் போய்’ படத்திலே சிறுவன் தூமாயாக நடித்தவர் மைசூர் யானைப்பாகன் ஒருவரின் மகனாகிய சாபு. அவருக்குத் தந்தையாக வந்தவர் ஹொலவே என்னும் வெள்ளையர். ஒரே வீட்டில் மகனுக்குப் பிறவி நிறம், தகப்பனுக்குப் பூச்சு நிறம்! நம் இலங்கையிலே படமாக்கப்பட்டு 1954 இல் வெளிவந்த ‘எலிபன்ற் வோக்’ என்பதிலும் மலையும் தேயிலையும் மெய். அப்புஹாமியாகப் பேசியவர் இரங்கூனிலே யூதக் குடும்பத்திற் பிறந்த ஆபிரகாம் சோபேர்.

இனி அம்மாணவனின் இரண்டாங் கேள்விக்கு வருவோம். நமது மேடை உவமையை நான் எடுத்தது தவறு என்றே இன்று கருதுகின்றேன். கூத்திலே வேடம் வேடமென்று அரங்கும் அறியும், அவையும் அறியும். ஹொலிவூட் படமோ கலப்பை முதலாக யாவற்றையும் மெய்யென்று காட்ட முயன்றது. அதனினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே வேடம் ஒரு திசையிலேயே சென்றது. ஐரோப்பியர் சீனராகலாம், இந்தியராகலாம், 1956 இல் ஜோன் வெயின் ஆனதுபோல மங்கோலியச் சக்கரவர்த்தி ஜெங்கிஸ்கானும் ஆகலாம். வொங் அம்மையார் ஓர் ஆங்கிலப் பிரபுவின் மனைவியாக நடிக்க எந்நிறுவனமும் அவரை அழைத்ததில்லை.

அவர் 1936 இல் சீனம் சென்றார். அங்கேயும் ஒரு துன்பம் காத்திருந்தது. ஹொலிவூட் தந்த வஞ்சகப் பெண் வேடங்களை ஏற்றுச் சீனரை இழிவுபடுத்தினார் என்று சிலர் அவரைக் குறை கூறினர். நல்ல வேடத்தை ஒரு நாட்டார் கொடுக்கவில்லை. தீய வேடத்தை ஏன் ஏற்றாய் என்று மற்றை நாட்டார் கேட்டனர். 1961 இல் அவர் காலமானார்.

இவ்வழக்கம் அவரோடு முடியவில்லை. 2017 இல் ‘கோஸ்ற் இன் த ஷெல்’ என்னும் ஜப்பானியச் சித்திரக் கதையின் நாயகியாக ஸ்கார்லெட் ஜொஹான்சன் நடித்தபோது பெருங் கண்டனம் எழுந்தது. அதே ஆண்டிலே எட் ஸ்க்ரைன் என்னும் ஆங்கில நடிகர், தமக்குத் தரப்பட்ட பாத்திரம் மூலக்கதையில் ஜப்பானிய வழிவந்தது என அறிந்து தாமாகவே விலகினார். அவ்விடத்துக்குக் கொரிய வழியினராகிய டானியல் டே கிம் வந்தார். ரைனர் அம்மையார் சீனப் பெண்ணாக நடித்து 1938 இற் பெற்ற அதே சிறந்த நடிகைப் பரிசு, சீன வழிவந்த மலேசியப் பெண்மணியாகிய மிஷெல் யோவுக்கு 2023 இற் கிடைத்தது.

2022 இல் அமெரிக்க அரசு கால் டொலர் நாணயத்திலே அன்னா மே வொங்கின் முகத்தைப் பொறித்தது. வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் அந்நாணயம் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். வகுப்பிலே அதனைக் கேள்வி கேட்ட மாணவனிடம் கொடுத்தேன். அவன் வெகுநேரம் பார்த்தான். மறுபக்கத்தில் யார் என்று திருப்பினான், வோஷிங்டன் இருந்தார். பின்பு அடுத்த மேசைக்குக் கொடுத்தான்.