வேலிக்கள்ளியில் ஒரு கொண்டைப்பூ

எங்கள் விறாந்தையில் இருக்கும் சாடியைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "இது பிளாஸ்ரிக்கோ அக்கா?" என்றுதான். அடியில் தடித்த கள்ளித்தண்டு. அதன் மேல் சேவற்கொண்டை போல மடிப்பு மடிப்பாக விரிந்த பச்சை விசிறி. பூ என்கிறார்கள், பூவல்ல, அதுவும் தண்டுதான்.

உண்மையில் இவை இரண்டு செடிகள். கீழே இருப்பது நாமறிந்த இலைக்கள்ளி. மேலே ஒட்டியிருப்பது இயூபோபியா லக்ரியா என்ற கள்ளியின் கொண்டை வடிவம். கள்ளியின் குருத்து வழக்கமாக ஒரு புள்ளியில் வளரும். இதில் அந்தப் புள்ளி கோடாக நீண்டுவிடுவதால் தண்டு உயராமல் பக்கவாட்டில் நெளிந்து விரிகிறது.

2010இல் முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது எங்கள் வளவில் மிஞ்சி நின்றது வேலியோரத்து இலைக்கள்ளி மட்டுமே. சில வருடங்களின் பின் தங்கச்சி கண்டியிலிருந்து இந்தச் செடியைக் கொண்டுவந்து தந்தாள். மல்லிகைக்கு ஊற்றுவது போல் தினமும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு மாதத்தில் அடித்தண்டு கூழாகிவிட்டது. கொண்டை மட்டும் நன்றாக இருந்தது. எறிய மனம் வரவில்லை.

வேலிக்கள்ளியில் ஒரு துண்டை வெட்டிச் சாடியில் வேர்பிடிக்க வைத்தேன். அதன் நுனியைப் பிளந்து, கொண்டையின் அடியை ஆப்புப்போல் சீவிச் செருகி, றப்பர் பட்டியால் கட்டினேன். இரண்டு வெட்டுமுகங்களும் நன்றாகப் பொருந்த வேண்டும். முதல் தடவை பொருந்தவில்லை, வாடிவிட்டது. மீதிக் கொண்டையில் ஒரு துண்டை மறுபடி ஒட்டி மூன்று வாரம் நிழலில் வைத்தேன். பிடித்துக்கொண்டது.

அன்று செய்த பிழையையும் சொல்லவேண்டும். பால்பட்ட கையால் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டேன். கண் நெருப்பாய் எரிந்தது. கிணற்றடியில் கழுவிக் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரண்டு நாள் அந்தக் கண்ணைத் திறக்க முடியவில்லை. கள்ளிப்பால் பார்வையையே பாதிக்கக்கூடியது. கையுறை இல்லாமல் வெட்டாதீர்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு உடனே வைத்தியரிடம் போங்கள். சாடியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

மற்றப்படி பெரிய வேலையில்லை. துவாரமுள்ள சாடி, பாதிக்குப் பாதி பருமணல், காலை வெயில். விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைக்குக் கீழே வைத்துவிடுவேன். கொண்டையிலிருந்து நேர்த்தண்டு முளைத்தால் வெட்டிவிட வேண்டும். விட்டால் அதுவே கொண்டையை முந்தி வளர்ந்துவிடும்.

இதுவரை 11 செடிகள் ஒட்டி விற்றிருக்கிறேன். பன்னிரண்டாவது இப்போது நிழலில் இருக்கிறது. றப்பர் பட்டியை வரும் வெள்ளிக்கிழமைதான் அவிழ்க்க வேண்டும்.