முதலில் என் கை

1996 மழைக்காலம். மும்பையில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. பாராசிட்டமால் மாத்திரையில் மருந்தின் அளவைக் கணக்கிடும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் அன்று காலை முதல் தாறுமாறாக எண்களைக் காட்டியது.

முந்தைய நாள் மாலை அதைத் துடைத்து வைத்தவன், திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் மாமா வீட்டில் தங்கியிருந்த பையன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான். “இடித்திருப்பான், டியூட்டீரியம் விளக்கு போயிருக்கும்” என்றார் மேலாளர். பையன் கண் கலங்கி நின்றான்.

மருந்துக் கரைசல் ஊற்றும் குவெட் என்ற சிறு குப்பிகளை வெளியே எடுத்துவிட்டுக் கருவியை ஓட்டினேன். 257 நானோமீட்டரில் எண் அசையாமல் நின்றது. ஆக, விளக்கு நன்றாகவே இருக்கிறது!

குவெட்டின் மேல்விளிம்பைப் பார்த்தேன். ‘ஜி’ என்று பொறித்திருந்தது. சாதாரணக் கண்ணாடி! கண்ணுக்குக் குவார்ட்ஸ் போலவே தெரியும். ஆனால் 300 நானோமீட்டருக்குக் கீழே புறஊதா ஒளியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். இந்தச் சோதனைக்குக் குவார்ட்ஸ்தான் வேண்டும்.

காலை அவசரத்தில் பெட்டியை மாற்றி எடுத்தது யார்? நானேதான்.

மேலாளரிடம் பையன் எதிரிலேயே ஒப்புக்கொண்டேன். அவன் முகத்தில் உயிர் வந்தது. அன்று முதல் எந்தக் கருவி மக்கர் பண்ணினாலும், முதலில் என் கையைத்தான் பார்த்துக்கொள்கிறேன், அன்பர்களே!