தோளில் உதைக்கும் துப்பாக்கி! வலி இல்லாமல் சுடுவது எப்படி?

பாங்கி வாசலில் சீருடையில் ஒருவர் நிற்பார். தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி தொங்கும். பணம் போட வருகிறவர்களும், எடுக்க வருகிறவர்களும் அவரைத் தாண்டித்தான் போகிறார்கள்.

"இது சுடுமா அண்ணே?" என்று கிண்டலாகக் கேட்பவர்களும் உண்டு.

சுடும்! சுட்டால், பிடித்திருப்பவரையும் ஓர் உதை உதைக்கும்!

உதைப்பது ஏன்?

குண்டு முன்னால் பாய்ந்தால் துப்பாக்கி பின்னால் பாயும். நியூட்டன் 1687-ம் ஆண்டிலேயே எழுதி வைத்த விதிதான் இது.

அந்தத் துப்பாக்கிக்கு "12 போர்" என்று பெயர். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாகப் பிடித்தால், ஓர் உருண்டை குழலுக்குள் கச்சிதமாகப் பொருந்தும். அதனால் வந்த பெயர்.

போட்டிகளில் சுடும் தோட்டாவில் 24 கிராம் ஈயக் குண்டுகள் இருக்கும். அவை நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அப்போது மூன்றரை கிலோ துப்பாக்கி நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வரும். 36 கிராம் தோட்டா என்றால் கேட்கவே வேண்டாம்!

பயம்தான் எதிரி

தோள் வலி இரண்டு நாளில் போய்விடும். பயம் போகாது.

ஒரு முறை உதை வாங்கியவர், அடுத்த முறை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுவார். விசையை வெடுக்கென்று இழுப்பார். குழல் முனை ஆடும். குறி தப்பும்.

ஒரே தோட்டாவில் இருந்து பல குண்டுகள் சிதறிப் பாயும். செலானோடு வரிசையில் நிற்கும் பெரியவர் மீது பட்டால் என்ன ஆவது?

தோள் குழி

காறை எலும்புக்குக் கீழே, புஜத்துக்கு உள்பக்கமாக ஒரு பள்ளம் இருக்கிறது. துப்பாக்கிக் கட்டையின் அடிப்பாகம் அங்கே அழுந்தி உட்கார வேண்டும்.

வலிக்குமே என்று தள்ளிப் பிடித்தால் ஆபத்து. அந்த இடைவெளியில் துப்பாக்கி வேகம் எடுத்து, சுத்தியல் மாதிரி இடிக்கும். இறுக்கிப் பிடித்தால் உடம்பும் துப்பாக்கியும் ஒன்றாகிவிடும். இடி, வெறும் தள்ளலாக மாறும்.

புஜத்தில் வைத்தால் சதை கன்றிப் போகும். கன்னமும் கட்டையில் ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளி விட்டால் "பளார்" என்று அறை விழும்!

வலது கைக்காரர் இடது காலை முன்னால் வைத்து, உடம்பைச் சற்று முன்னால் சாய்க்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் தடுமாற்றம்தான்.

ரப்பர் மெத்தை

கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுக்கிறார் அல்லவா? கட்டையின் அடியில் பொருத்தும் ரப்பர் மெத்தையும் அதே வேலையைத்தான் செய்கிறது. காதில் அடைப்பான் வைத்தால் சத்தத்தால் வரும் பயமும் குறையும்.

கட்டையின் நீளமும் முக்கியம். பாங்கியில் ஒரே துப்பாக்கியை மாறி மாறி பல பேர் தூக்குகிறார்கள். அடுத்தவர் செருப்பைப் போட்டு ஓடுகிற கதைதான்!

இன்னொன்று: 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செய்த பழைய துப்பாக்கியில் 70 மில்லிமீட்டர் தோட்டாவைப் போடவே கூடாது. உள்ளே அழுத்தம் எகிறும்.

புதுக்கோட்டை வீரர்

புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் இந்த உதையோடு வாழ்கிறவர். 2023-ல் சீனாவின் ஹாங்சூ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், பறக்கும் தட்டைச் சுடும் "டிராப்" பிரிவில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஒருவர். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார்.

அந்தப் போட்டியின் தகுதிச் சுற்றில் மட்டும் 125 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வரை சுடலாம். பிடி சரியாக இல்லாவிட்டால் தோள் என்ன ஆகும்?

பயத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. சுடுகிறவருக்குத் தெரியாமல், நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைப் போட்டுக் கொடுப்பார்கள். வெடிக்காத தோட்டாவுக்கே குழல் முனை ஆடினால், குட்டு வெளிப்பட்டுவிடும்!

காவலாளி கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் மட்டும் போதாது. பிடிக்கவும் சொல்லித்தர வேண்டும், அடிக்கடி சுட்டுப் பழகவும் விட வேண்டும்.

உதைக்குப் பயந்தவர் கையில் உள்ள துப்பாக்கி, திருடனுக்கு மட்டும் ஆபத்து அல்ல!